ஐந்தாவது துணி

கண் நன்றாகத் தெரிகிறது, கையில் பலம் இருக்கிறது, கம்பத்தில் டீசல் வண்டிக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் கடையை விட்டீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என் கடையை எடுத்து நடத்துகிற இரண்டு பேரும் போன வாரம் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். “வயசாச்சுப்பா” என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். உண்மையைச் சொல்ல உட்கார்ந்தால் ஒரு துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் என் வீட்டுக்காரியின் பழைய நைட்டித் துணி.

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். “வீட்டத் தூக்கிட்டாடா போகப் போறாக?” என்று அக்கா பஞ்சவர்ணம் சின்ன வயதிலிருந்து கேலி செய்வாள். அப்படிப்பட்ட நான் ஒரு வேலையில் மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டேன். அதுதான் கதை.

தொழில் படித்தது தேனியில், ஒரு டீசல் பம்ப் ரூமில். லாரி, டிராக்டர் பம்புகளைப் பிரித்து, அளவு பார்த்துப் பூட்டுகிற இடம். எட்டு வருஷம் அங்கே இருந்தேன். முதல் இரண்டு வருஷம் சாமான்களைக் கழுவியது தவிர ஒன்றும் செய்யவில்லை, அதனால் அதைத் தாண்டிவிடலாம்.

போர்மேன் பெயர் வெள்ளைச்சாமி. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின் நிற்பார். ஸ்பேனரைப் பிடுங்கிச் செய்து காட்ட மாட்டார். தப்பான நட்டில் கை வைத்தால் மூக்கால் ஒரு மூச்சு விடுவார், அவ்வளவுதான். அந்த மூச்சுக்கு நாங்கள் நடுங்கினோம்.

காலையில் அவர் செய்கிற முதல் வேலை, வெள்ளைத் துணியைச் சாண் அளவுக்கு வெட்டி ஆளுக்கு ஐந்து துண்டு கொடுப்பது. சாயங்காலம் ஐந்தையும் மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். கறுப்பாக இருக்கலாம், கிழிந்திருக்கலாம், ஐந்து இருக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவார். ஊரில் எல்லாப் பட்டறையிலும் துணியைத் தூக்கி மூலையில் எறிகிறார்கள், இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

ஒருநாள் என்னிடம் நான்குதான் இருந்தது. போர்மேன் திட்டவில்லை. அன்று மதியத்திலிருந்து பூட்டி வைத்திருந்த பம்புகளை எல்லாம் மறுபடி பிரிக்கச் சொன்னார். மூன்று பம்ப். கடைசியில் பம்பைப் பரிசோதிக்கிற மேடையின் எண்ணெய்த் தொட்டிக்குள் கிடந்தது துணி. இடுக்கியால் எடுத்து, பிழிந்து, மேசைமேல் மற்ற நான்கின் பக்கத்தில் விரித்தார். “அஞ்சு” என்றார். மறுநாள் காலையில் எப்போதும் போல ஐந்து துண்டு கொடுத்தார்.

அவர் இன்னொன்றும் சொல்வார். எந்த வண்டி வந்தாலும், என்ன கோளாறு என்றாலும், “டீசல் எங்கன இருந்து கெளம்புதோ, அங்கன இருந்து நீயும் கெளம்பு” என்பார். டேங்கில் ஆரம்பித்து, குழாய், பில்டர், பம்ப் என்று வழியோடு வர வேண்டும். நடுவில் குதிக்கக் கூடாது.

பிறகு கம்பத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். சொந்தக் கடையில் யாரிடம் துணியை எண்ணிக் காட்டுவது? முதல் ஒரு மாதம் எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன். துணி வாங்குவதுகூட நின்றுபோய், என் வீட்டுக்காரி செல்லத்தாய் கழித்துப்போட்ட நைட்டி, பாவாடை எல்லாம் கடைக்கு வந்தன. துணிக்கென்ன, எண்ணெய் துடைத்தால் போதாதா என்று நினைத்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், என்னிடம் வண்டி பார்க்க வருகிற ஈஸ்வரன் என்கிற டிரைவர் பையன் ஒரு டீசல் பிக்கப் வாங்கினான். கம்பத்திலிருந்து மெட்டு என்கிற மலைச்சாலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போகிற வண்டி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதுதான். ஆனாலும் விடிந்தால் இங்கே ஏற்றாத வண்டி இல்லை. பின்னால் பெஞ்சு போட்டான், மேலே கம்பி வளைத்துத் தார்ப்பாய் கட்டினான். ஏற்றத்தில் இழுக்க வேண்டும் என்று தேனியில் பிரவீண் என்கிற ஆளிடம் போய், லேப்டாப்பை மாட்டி எஞ்சின் பவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மலைமேல் அடிக்கடி டீசலுக்கு அலைய முடியாது என்று பெரிய டேங்க் ஒன்று தகரத்தில் செய்தான். அந்த டேங்கை வண்டியில் மாட்டியது நான்.

டேங்க் மூன்று நாள் என் கடையில் கிடந்தது. வீரபாண்டித் திருவிழா நேரம், தெருவெல்லாம் புழுதி. டேங்கின் மேலே, டீசல் உறிஞ்சுகிற குழாயை இறக்குவதற்கு ஒரு ஓட்டை உண்டு. அதை அடைத்து வைத்தேன். நான்காவது நாள் ஈஸ்வரன் வந்து தலைமேல் நின்றான். “அண்ணே, நாளைக்குப் பொம்பளையாளுக காத்துக் கெடப்பாக, முடிச்சு விட்ருங்கண்ணே.” அவசர அவசரமாக மாட்டி அனுப்பினேன். குழாயை இறக்கும்போது கையில் மெத்தென்று ஏதோ தட்டியது. ரப்பர் வாஷர் என்று நினைத்தேன். அந்த மெத்தென்பது இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

அந்த வண்டியில்தான் அக்காவும் தினமும் ஏலக்காய் பறிக்கப் போனாள். அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள்.

இரண்டு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் மெட்டு ஏற்றத்தில், மேலே உள்ள கொண்டை ஊசி வளைவில், எஞ்சின் விளக்கு எரிந்து, இழுவை செத்து, வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் நிற்கவில்லை. அதற்கு மறுநாள் நின்றது. கீழே சமவெளியில் எவ்வளவு விரட்டினாலும் நிற்காது. காலி வண்டியாகவும் நிற்காது. டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் நிற்காது. மெக்கானிக்குக் காட்டவே மாட்டேன் என்கிற கோளாறு.

ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி எஞ்சினில் பம்ப் டீசலை அமுக்கி, ரெயில் என்கிற ஒரு குழாயில் சேர்த்து வைக்கும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் எடுத்து எஞ்சினுக்குள் தெளிக்கும். அந்த ரெயிலில் அழுத்தம் குறைந்தால் எஞ்சின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஸ்கேனரில் கோடு தெளிவாகத் தெரிந்தது: எஞ்சின் கேட்கிற அழுத்தம் மேலே போகிறது, கிடைக்கிற அழுத்தம் கீழே விழுகிறது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. பார்த்தவன் புத்திதான் குதித்துவிட்டது.

பில்டரை மாற்றினேன். இன்ஜெக்டர்கள் ஒழுகுகின்றனவா என்று நாலுக்கும் நாலு பாட்டில் கட்டித் திரும்பி வருகிற டீசலை அளந்தேன். நாலும் ஒரே மட்டம். உடனே எனக்குத் தோன்றியது, லேப்டாப் வேலைதான். பவரைக் கூட்டினால் பம்ப் எப்படி ஈடு கொடுக்கும்? ஈஸ்வரனிடம் அடித்துச் சொன்னேன். அவன் தேனிக்குப் போய், பிரவீணை அவன் கடை வாசலில் நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசி, பழையபடி மாற்றி வாங்கிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் வண்டி மறுபடி நின்றது. இந்த முறை நின்றதோடு விடவில்லை, பின்னால் உருண்டது.

எஞ்சின் செத்தால் இந்த வண்டிகளில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஈஸ்வரன் எழுந்து நின்று பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி பத்தடி உருண்டு, ஓரச் சுவரில் பின்பக்கம் இடித்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மெட்டு ஏறியவர்களுக்குத் தெரியும். பெண்கள் குதித்து, இரண்டு பேருக்கு முழங்கால் சிராய்ப்பு.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தாள். ஈஸ்வரன் வண்டியில் கிடக்கிற மரக்கட்டையைப் பற்றிச் சொன்னாள். ஏற்றத்தில் வண்டி நின்றால் டயருக்கு அடியில் வைக்கிற முக்கோணக் கட்டை.

“இனிமே நான் கடைசியில ஒக்காந்துக்கறேன். கட்டைய மடியில வச்சுக்கறேன். நின்னதும் குதிச்சு டயருக்குக் குடுத்துருவேன்.”

“நீ எதுக்குக்கா? ஒனக்கு என்ன வயசு?”

“மத்ததெல்லாம் சின்னப்பிள்ளைக, பதறுதுக. ஒருத்தி மாசமா வேற இருக்கா. நீ வண்டியப் பாருடா. கட்டைய நான் பாத்துக்கறேன்.”

“கொஞ்ச நாளைக்குப் போகாம இரேன்.”

“போகலேன்னா எடத்துக்கு வேற ஆளு வந்துருவாக. நீ சீக்கிரம் பாரு.”

அதற்குப் பிறகு வந்த காலைகளை நான் எப்படிச் சொல்வது? ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம். ஏறும்போது பாதி இடத்தில் டவர் கிடைக்காது. அந்த ஒரு மணி நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். டீ ஆறிப்போகும். செல்லத்தாய் மறுபடி சுட வைப்பாள், அதுவும் ஆறிப்போகும். “சேந்தாச்சு” என்று அக்கா சொன்ன பிறகுதான் பல் தேய்ப்பேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வண்டி இறங்குகிற நேரம். மறுபடி அதே நடை.

பம்பைக் கழற்றி அளவு பார்த்தேன். புதுப் பம்ப் மாதிரி இருந்தது. இருந்தும் அதிலிருக்கிற வால்வை மாற்றினேன். ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நாள் வண்டி நின்றது. அக்கா குதித்துக் கட்டையைக் கொடுத்தாள். உருளவில்லை. “நல்லா ஒக்காந்துக்கிச்சுடா கட்டை” என்று போனில் பெருமையாகச் சொன்னாள். நான் கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் போர்மேனின் மூச்சு முதுகுக்குப் பின்னால் கேட்டது. மனுஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டது. இவ்வளவு நாள் நான் பில்டரிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். டேங்க் பக்கமே போகவில்லை. ஏன்? அதை மாட்டியவன் நான். நான் மாட்டியதில் என்ன தப்பு இருக்கப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை, ஆள் ஏற்றாத நாள். பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கினோம். டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிக் கட்டிவிட்டு, முன்பக்கம் என் காலுக்கு நடுவில் ஒரு கேன் டீசல் வைத்து, அதிலிருந்து புதுக் குழாயைப் பில்டருக்குக் கொடுத்தேன். அதாவது டேங்கே இல்லாத வண்டி. ஈஸ்வரன் ஓட்ட, மெட்டு ஏறினோம். கேன் தளும்பி என் காலெல்லாம் டீசல். வழக்கமாக நிற்கிற வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை. மேலே போய்த் திருப்பி, இறங்கி, இன்னொரு முறை ஏறினோம். அப்போதும் நிற்கவில்லை.

“டேங்குல இருக்குண்ணே!” என்று ஈஸ்வரன் துள்ளினான். நான் குனிந்து காலில் இருந்த டீசலைத் துடைத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்து டேங்கை இறக்கி, குழாயைத் தூக்கினேன். உள்ளே கம்பியை விட்டுத் துழாவினேன். மெத்தென்று தட்டியது. கொக்கி போட்டு இழுத்தால், பச்சையில் மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்று டீசல் சொட்டச் சொட்ட வந்தது.

ஓட்டையை அடைத்த துணி. எடுத்துவிட்டதாக நினைத்த துணி. டேங்கில் டீசல் குறைந்து, வண்டி ஏற்றத்தில் சாய்ந்து, எஞ்சின் முழு வேகத்தில் உறிஞ்சும்போது, அது பின்பக்கம் நகர்ந்து குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் இல்லை, துணி விட்டுவிடும். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரி. இதைப் போய் நான் லேப்டாப்பிலும் பம்பிலும் தேடியிருக்கிறேன்.

“எந்த நாயிண்ணே போட்டது?” என்றான் ஈஸ்வரன். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஸ்டாண்டுல எனக்கு ஆகாதவன் ஒருத்தன் இருக்கான். அவன் வண்டியில போற ஆளுகளப் பிரிச்சுட்டேன்னு கருவிக்கிட்டே இருந்தான். அவன் வேலைதான் இது. நாளைக்கு அவன் வாயில இத அடைக்கறேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. டேங்கைக் கழுவினேன். மாட்டினேன். அவன் அந்தத் துணியைப் பிழிந்து, வண்டியின் பக்கக் கண்ணாடியில் கட்டிக்கொண்டு போனான்.

விடிகிற வரை புரண்டுகொண்டே கிடந்தேன். சொன்னால் கடை போகும், பெயர் போகும், கம்பத்தில் ஒருத்தன் என்னிடம் வண்டி விட மாட்டான். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தன் அடி வாங்குவான். ஏற்கெனவே ஒருத்தன் என்னால் பேச்சு வாங்கியிருக்கிறான். ஐந்தரைக்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வண்டி நின்றது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா கடைசியில், கட்டையோடு. ஈஸ்வரன் கண்ணாடியிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் போகத் தயாராக நின்றான். அவன் கையைப் பிடித்தேன்.

“ஈஸ்வரா, அது என் துணி. டேங்க அடைச்சு வச்சது நான். எடுக்க மறந்தது நான்.”

எல்லோருக்கும் கேட்டது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்னையே பார்த்தான். பிறகு துணியை என் கையில் வைத்து, “பின்னால ஏறுங்க” என்றான். அக்கா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கட்டையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

வண்டி ஏறியது. மாசமாக இருந்த பெண் எனக்கு எதிரில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு உதட்டைக் கடித்தாள். கடைசி இடத்திலிருந்து பார்த்தால் சாலை தெரியாது, கீழே பள்ளத்தாக்குதான் தெரியும். இத்தனை நாள் அக்கா இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வளைவில் எஞ்சின் கியர் மாறியபோது நான் குதித்தே விட்டேன், பாதி. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வண்டி நிற்கவில்லை.

மேலே எல்லோரும் இறங்கிய பிறகு அக்கா சொன்னாள். “அது நான் தீவாளிக்குச் செல்லத்தாயிக்கு எடுத்துக் குடுத்த நைட்டி. நேத்து சாயங்காலம் வண்டி தெருவுல போகையிலயே கண்ணாடியில பாத்தேன்.”

“பாத்துட்டு ஏங்க்கா சொல்லல?”

“நீ சொல்லுறயான்னு பாத்தேன்.”

கடை போகவில்லை. ஒரு மாதம் ஈயடித்தது, அவ்வளவுதான். தேனிக்குப் போய், பிரவீணிடம் அதே கடை வாசலில் மன்னிப்புக் கேட்டேன். அவன், “பரவால்லண்ணே, டீ சாப்பிடுறீகளா?” என்று கேட்டான்; ஈஸ்வரன் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கே வெள்ளைத் துணி வாங்கி ஐந்தாக வெட்டினேன். செல்லத்தாய் ஒன்று முதல் ஐந்து வரை சிவப்பு நூலில் எண் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் மட்டுமல்ல, ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் எண்ணினேன். எட்டு வருஷம் ஒன்றுகூடக் குறையவில்லை.

போன தை மாதம் ஒரு காலை. ஈஸ்வரன் வண்டியில் டீசல் குழாய் ஒழுகுகிறது என்று ஆறு மணிக்கு முன்பே கொண்டு வந்தான். பெண்களும் பின்னால் இருந்தார்கள். கால் மணி நேர வேலை. முடித்தேன், அவனும் அவசரம் என்று கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு எண்ணினேன். நான்கு.

மறுபடி எண்ணினேன். நான்கு. தரையில், டப்பாவில், பெஞ்சுக்கடியில் பார்த்தேன். போன் செய்தேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். பைக்கை எடுத்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றுகொண்டிருந்தது. குறுக்கே பைக்கைப் போட்டேன்.

“ஆப் பண்ணுடா! எல்லாரும் எறங்குங்க!”

டேங்க் மூடியைத் திறந்தேன், குழாயைக் கழற்றினேன், பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது. ஈஸ்வரன், “என்னண்ணே, என்னண்ணே?” என்கிறான். எனக்கு வாயில் ‘அஞ்சு’ என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

அக்கா பின்னாலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். எட்டு வருஷம் ஆகியும் அவள் அந்த இடத்தை விடவில்லை, கட்டையையும் விடவில்லை. கட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் என் தோளிலிருந்து எதையோ இழுத்தாள். வெள்ளைத் துணி. சிவப்பு நூலில் ஐந்து.

பெண்கள் யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா அதை நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்து, பித்தானைப் போட்டுவிட்டாள்.

“இனிமே நீ எண்ண வேண்டாம்டா தம்பி” என்றாள்.

பிறகு ஏறிக் கடைசியில் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கழற்றிய குழாயை நான் மறுபடி மாட்டிக் கொடுத்ததும் வண்டி கிளம்பியது. சத்தம் மேலே வளைவு வளைவாகப் போய், காதுக்கு எட்டாமல் போகிறவரை அங்கேயே நின்றேன். எங்கேயும் நிற்கவில்லை. எண்ணாமல் இனி ஒரு வண்டியையும் என்னால் அனுப்ப முடியாது. மறுநாள் கடைச் சாவியை அந்த இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டேன்.